பி பக்கத்துப் பதினாலு தாழ்ப்பாள்கள்

முதலில் ஒரு செருமல். அப்புறம் யாரோ எச்சில் விழுங்குகிற சத்தம். அப்புறம், ரொம்பப் பணிவாக, ஒரு ஆண் குரல்: “அன்பார்ந்த…”

அவ்வளவுதான். எங்கள் வீட்டுச் சுவருக்குள்ளிருந்து வந்தது, அபிநயா. இருட்டி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். இந்த ஏழாவது மாடி பி வீட்டுக்கு நாங்கள் குடிவந்து அன்றோடு மூன்றாவது நாள். சமையலறைக்குப் பின்னால் வாஷிங் மெஷின் வைக்கிற இடத்தில் நின்று குழந்தையின் ஜட்டியை அலசிக்கொண்டிருந்தேன். “அன்பார்ந்த” என்று ஆரம்பித்தால் அடுத்து யாரையாவது கூப்பிட வேண்டும் இல்லையா? கூப்பிடவில்லை. அதுதான் பயமே. “அன்பார்ந்த வடிவு” என்று வந்துவிடுமோ என்று ஈரக் கையோடு நின்றேன். வரவில்லை. திரும்பவும் செருமல். திரும்பவும் “அன்பார்ந்த…” இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் பாசமாக.

உங்களை நான் பார்த்ததில்லை. நான் வேலையை விட்ட பிறகு என் நாற்காலிக்கு வந்தவர் என்று மட்டும் தெரியும். கட்டடத்தை அசோசியேஷனிடம் ஒப்படைப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டர் மாடலைக் கடைசியாகச் சரிபார்க்கிறீர்கள் போலிருக்கிறது. இன்று காலை நீங்கள் அனுப்பிய மெயில் இரண்டே வரி. பி பக்கம் பதினாலு மாடியிலும் ஷாஃப்ட் கதவு திரும்பியிருக்கிறது, தாழ்ப்பாள் வீட்டுப் பக்கம் இல்லாமல் ஷாஃப்ட்டுக்குள் போய்விட்டது. இது வேண்டுமென்றே வைத்ததா, தவறா?

ஒரு வார்த்தையில் பதில் எழுதிவிடலாம்தான். ஒரு வார்த்தையில் எழுதினால் என்னைப் பற்றித் தப்பாக நினைத்துவிடுவீர்கள். அதனால் முழுசாக எழுதுகிறேன். இப்போது ராத்திரி பத்தேகால். லேப்டாப் மடியில் இருக்கிறது. எனக்கு நேரம் இருக்கிறது. இன்றைக்கு நிறையவே இருக்கிறது.

இந்தக் கட்டடத்தை வரைந்ததே நான்தான் என்பது உங்களுக்குத் தெரியும். அதாவது கோர் சுவர்களும் ஷாஃப்ட்டுகளும். மற்றவர்கள் ஜன்னல், பால்கனி என்று கண்ணுக்குத் தெரிகிறதை வரைந்தார்கள். லிஃப்டும் படிக்கட்டும் குழாய்களும் போகிற அந்தக் கான்கிரீட் கூட்டை, கட்டடத்தின் முதுகெலும்பை, நான் வரைந்தேன். என் வீட்டுக்காரர் மகுடேஸ்வரன் பம்ப் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறார். அவர் வீடு பார்க்க வந்தபோது லிஃப்டுக்குள் நின்றுகொண்டு, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்திடம், “இந்த ஓட்டை எங்க வீட்டம்மா போட்டதுங்க” என்றார். அதற்கப்புறம் வேறு வீடு பார்க்க முடியுமா?

சரி, கதவுக்கு வருகிறேன். மாடலில் ஷாஃப்ட் என்பதை இங்கே எல்லாரும் டக்ட் என்கிறார்கள். வாஷிங் மெஷின் இடத்துச் சுவரில் ஒரு இரும்புக் கதவு, திறந்தால் டக்ட். குழாய்கள், மாடிக்கு மாடி நிற்க ஒரு கம்பித் தளம், ஏறி இறங்க ஏணி. எல்லாம் நான் வரைந்தபடியே இருந்தது. அன்றைக்கு அந்தக் குரல் கேட்டதும், கதவைத் தாழ்ப்பாள் போடலாம் என்று கையை நீட்டினேன். வழவழவென்று வெறும் தகடு. மேலே தடவினேன், கீழே தடவினேன். தாழ்ப்பாளே இல்லை.

பயம் வந்தால் எனக்கு அருள் நிறைந்த மரியேதான் வாயில் வரும். பூஜை அலமாரியில் இருப்பது முருகன். ஆனால் தூத்துக்குடியில் பத்து வருஷம் கான்வென்டில் படித்தேனே, பழகிவிட்டது. முருகன் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மூன்று தடவை சொன்னேன். குரல் நின்றது. பிரார்த்தனையால் நின்றது என்று நினைத்தேன்.

தாழ்ப்பாள் எங்கே போனது என்று எனக்குச் சொன்னது பிளம்பர் சென்னியப்பன். சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம் தாரிகாவைப் பிளாஸ்டிக் தொட்டியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கதவு தானாகத் திறக்கிறது. உள்ளேயிருந்து ஒரு ஸ்பேனர் வருகிறது. அப்புறம் ஒரு தலை.

“அம்மிணி, ஒரு சொம்பு தண்ணி கெடைக்குங்களா?”

நான் போட்ட சத்தத்தில் தாரிகா கை தட்டினாள். அவளுக்கு மூன்றே கால் வயது, எல்லாவற்றுக்கும் தட்டுவாள்.

“எங்கிருந்து வர்றீங்க நீங்க?”

“பத்தாவது மாடில எறங்குனனுங்க. ஒம்பதுல ஒரு அம்மா பூச பண்ணிட்டிருந்தாங்க, எட்டுல ஒருத்தரு துண்டோட நின்னாரு, சங்கட்டமாப் போச்சு. உங்கூட்லதான் பேச்சுச் சத்தம் கேட்டுது.”

“கதவத் தட்ட மாட்டீங்களா?”

“தாழ்ப்பா இருந்தாத் தட்டலாமுங்க. உங்க பக்கம் இல்லியே. பாருங்க, இந்தப் பக்கமல்ல இருக்குது.” கதவை ஆட்டிக் காட்டினார். கருகருவென்று, நன்றாக எண்ணெய் போட்ட தாழ்ப்பாள். ஷாஃப்ட்டுப் பக்கம். “பி பக்கம் பூரா இப்புடித்தானுங்க. உள்ள எறங்குனவன் நெனச்சா எந்த ஊட்டுக்குள்ள வேணாலும் போலாம். ஊட்டுக்காரங்க யாரும் தடுக்க முடியாது. எந்தப் புண்ணியவான் வரஞ்சானோ!” தண்ணீரைக் குடித்துவிட்டு ஏணியில் இறங்கிப் போய்விட்டார்.

அந்தப் புண்ணியவான் நான்தான் என்று சொல்லவேண்டிய இடம் இல்லை அது, குழந்தை நனைந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து இன்றோடு நாற்பது நாள், அபிநயா. என் வீட்டில் என்னால் சாத்த முடியாத கதவு ஒன்று. தாரிகாவின் கட்டிலிலிருந்து பதினோரு அடி. டேப் வைத்து அளந்தேன். வாஷிங் மெஷினைத் தள்ளிக் கதவுக்கு அண்டக்கொடுத்தேன். அதுவோ துணி பிழியும்போது தடதடவென்று நடந்து கதவை விட்டு விலகிப் போகிறது. தினமும் பிழிந்து முடித்ததும் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நிறுத்துவேன், ஓடிப்போன ஆட்டுக்குட்டியைப் போல. ராத்திரி அதன் மேல் எவர்சில்வர் டம்ளர்களை அடுக்கி வைப்பேன், யாராவது தள்ளினால் விழட்டும் என்று. விழுந்தன. ஒவ்வொரு தடவையும் தள்ளியது தண்ணீர் குடிக்க எழுந்த என் வீட்டுக்காரர்தான்.

“வடிவு, கடையில ஒரு தாழ்ப்பா வாங்கி நம்ம பக்கம் மாட்டுனா முடிஞ்சுது. பத்து நிமிச வேல” என்றார் அவர், முதல் நாளே.

“அது நெருப்புத் தடுப்புக் கதவு. ஓட்டை போட்டா சர்ட்டிஃபிகேட் போயிரும்” என்றேன். உண்மைதான். கொஞ்சம்.

“அப்ப நானே உள்ள போயி அந்தத் தாழ்ப்பாளப் போட்டுட்டு வரட்டா?”

“போட்டுட்டு எப்படி வருவீங்க?”

யோசித்தார். “ஆறாவது மாடி வழியா.”

“அவங்க கிட்ட என்ன சொல்லுவீங்க?”

“ம்… வணக்கம்னு சொல்லுவேன்.”

இன்னொரு தாழ்ப்பாள் அடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை, அபிநயா. நீங்களும் இந்த வேலையில் இருப்பவர், புரியும். மாடலில் இல்லாத தாழ்ப்பாளை வீட்டில் மாட்டினால் என்ன அர்த்தம்? மாடல் தப்பு என்று அர்த்தம். ஆறாம் வகுப்பில் சுத்தமான நோட்டுக்கு மெடல் வாங்கியவள் நான். ஒரு பக்கத்தில்கூட அடித்தல் இருக்காது. தப்பு வந்தால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதுசாக எழுதுவேன். கட்டடத்தைக் கிழிக்க முடியாது, அதுதான் கஷ்டம்.

கீழே சைட் ஆபீசில் போய்க் கேட்டேன். சைட் இன்ஜினியர் நல்ல மாதிரி.

“பதினாலு தாழ்ப்பாளும் ஒரே நாள்ல திருப்பிக் குடுக்கறோம் மேடம். டிராயிங் திருத்தி வந்தாப் போதும். திருத்தத்துல ‘காரணம்’னு ஒரு கட்டம் இருக்கும் பாருங்க, அதுல யாரோட தவறுன்னு பேர் போட்டு வரணும்.”

“பேர் இல்லாம வந்தா?”

“பேர் இல்லாம ஒரு ஜன்னலத் திருப்பிட்டு, போன வருசம் நாங்க வாங்கிக் கட்டிக்கிட்டது போதுமுங்க. தாழ்ப்பா எங்க இருக்கணும்னு எங்க கார்பென்டருக்குத் தெரியாதா? டிராயிங்ல இருக்கற மாதிரியே மாட்டுங்கன்னு நாங்கதான் கைய கட்டிப் போட்டிருக்கோம்.”

யாருடைய பெயரைப் போடுவது? அங்கேதான் நாற்பது நாளாக நிற்கிறது. தப்பு யாருடையது என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் முதலில் கோர் சுவரை அடித்தளத்திலிருந்து மொட்டைமாடி வரை ஒரே சுவராகத்தான் எழுப்பினேன். ஒரே கிளிக். ஷாஃப்ட்டும் அப்படியே; ஒரு செவ்வகம் போட்டு, இங்கிருந்து அங்கே வரை என்றால், பதினாலு தளத்தையும் பொத்துக்கொண்டு போயிற்று. பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? என் வேலையைச் சரிபார்க்கிற அருமைநாயகம் சார் போனில் கூப்பிட்டார். அவருக்கு நாகர்கோவில் பக்கம்.

“ஏம்மா வடிவு, பதினாலு மாடிக் காங்கிரீட்டையும் ஒரே நாள்ல ஊத்தீருவியோ? மேஸ்திரி எங்க நிக்கணும், மேகத்துலயா?”

“மாடல்தானே சார்.”

“மாடல்தான். அதப் பாத்துதான் கட்டப் போறான். மாடி மாடியா வெட்டும்மா.”

வெட்டினேன். ஒரு மாடியின் சுவர், கதவு, தாழ்ப்பாள் எல்லாவற்றையும் ஒரு குரூப்பாகக் கட்டி, பதினாலு நகல் எடுத்து அடுக்கினேன். பி பக்கத்துக்கு ஒரு குரூப், ஏ பக்கத்துக்கு இன்னொன்று. உங்களுக்குத் தெரியாததா? குரூப்பில் ஒருவர் தும்மினால் பதினாலு பேரும் தும்முவார்கள். என் ஒரே சுவர் ஒரே சுவராகவே இருந்திருந்தால் கதவுகளைத் தனித்தனியாக வைத்திருப்பேன், ஒன்று திரும்பினாலும் ஒன்றோடு போயிருக்கும். அப்படிப் பார்த்தால் காரணம் என்கிற கட்டத்தில் அருமைநாயகம் சார் பெயரைத்தான் போட வேண்டும். பெரிய மனுஷர், வேண்டாம் என்று விட்டேன்.

உங்கள் மெயிலுக்குக் கீழே, மாடலில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று ஒரு பட்டியல் ஒட்டியிருந்தீர்கள். கதவு திரும்பியது பிப்ரவரி பதினான்கு, காலை பதினொன்று நாற்பத்திரண்டு, என் பெயரில். நீங்கள் அதை ஒட்டியிருக்க வேண்டாம். இருந்தாலும் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தத் தேதி, அந்த நேரம் எனக்கு மறக்கவே மறக்காது. தாரிகா முதல்முதலாகக் கை தட்டியது அப்போதுதான்! ஒன்பது மாதம் அவளுக்கு. வீட்டிலிருந்து வேலை. மடியில் வைத்துக்கொண்டுதான் மாடல் போடுவேன். என் வீட்டுக்காரர் வீடியோ எடுத்தார், போனில் நேரத்தோடு இருக்கிறது. தட்டுகிறாள், தட்டுகிறாள், அப்புறம் இரண்டு கையையும் சேர்த்துக் கீபோர்டில் ஒரு அறை. ஒரு கை சரியாக, தேர்ந்தெடுத்ததைத் திருப்பிப்போடுகிற அந்த நீளமான ஸ்பேஸ் பட்டனில். என்ன கொழுகொழு கை! பின்னால் திரையில் நான் தேர்ந்தெடுத்து வைத்திருந்த கதவு, சீர் பத்தவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நாத்தனார் மாதிரி, சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறது. நூறு தடவையாவது அந்த வீடியோவைப் பார்த்திருப்போம். எல்லாரும் கையைத்தான் பார்த்தோம்.

இது தற்செயல். ஒன்பது மாதக் குழந்தையின் பெயரைக் கட்டத்தில் எழுத முடியுமா?

குரல் மட்டும் நிற்கவில்லை. தினமும் இருட்டினதும் செருமல், “அன்பார்ந்த…” சில நாள் கோபமாக. சில நாள் அழுகிற மாதிரி. ஒருநாள் “சகோதரிகளே” என்றுகூட வந்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரருக்கு அந்த நேரத்தில் ஷிஃப்ட். அவர் வந்த பிறகு சொன்னால், “தண்ணிக் குழாய்ல காத்துப் புடிச்சா அப்படித்தான் சத்தம் வரும்” என்பார். பம்ப் கம்பெனிக்காரர். குழாய் எங்கேயாவது சகோதரிகளே என்று சொல்லுமா?

இன்றைக்குத்தான் தெரிந்தது.

சாயங்காலம் கீழ் ஹாலில் அசோசியேஷன் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை செயலாளர் தேர்தல். எங்களுக்கு நேர் கீழே ஆறாவது மாடி பி வீட்டு நாச்சிமுத்து அங்கிள் நிற்கிறார். பேங்கில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர், லிஃப்டில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவார், பேசிக் கேட்டதில்லை. மேடையேறினார். மைக்கைப் பிடித்தார். செருமினார். எச்சில் விழுங்கினார்.

“அன்பார்ந்த…”

நான் என் வீட்டுக்காரரின் தொடையைக் கிள்ளினதில் அவர் எழுந்தே நின்றுவிட்டார். அங்கிள் அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டார்.

“அன்பார்ந்த சகோதரிகளே, சகோதரர்களே! எனக்கு மேடப் பேச்சுப் பழக்கமில்லீங்க. ஒன்னர மாசமாப் பழகுனேன். எங்க பழகுனேன்? எங்கூட்டு டக்ட்லீங்க! உள்ள நின்னு பேசுனா மைக் வெச்ச மாதிரி கணீர்னு இருக்குது. அதவிட ஒரு சௌகரியம் பாருங்க, கதவுக்கு உள்பக்கமாத் தாழ்ப்பா வெச்சிருக்காங்க. போட்டுக்கிட்டா எங்கூட்டுக்காரி தட்டுனாலும் தெறக்க முடியாது. கல்யாணமாகி முப்பத்தியாறு வருசத்துல எனக்குக் கெடச்ச மொதல் ரூமுங்க அது!” ஆண்கள் பக்கம் ஒரே கைதட்டல். “யாரு வரஞ்சாங்களோ, ஆம்பளைங்க மனசு தெரிஞ்ச ஆளு. அவங்க தீர்க்காயுசா இருக்கோணும். நான் ஜெயிச்சா ஏ பக்கத்து ஊடுகளுக்கும் இதே வசதி செஞ்சு தருவேன்!”

கான்வென்டில், தப்பு செய்தது யார் என்று கேட்டால் ஒருவரும் எழ மாட்டோம். இதை நன்றாகச் செய்தது யார் என்றால் மொத்த வகுப்பும் எழுந்து நிற்கும். அந்தப் பழக்கம்தான், அபிநயா. வேறொன்றுமில்லை. மூன்று வருஷம் அந்தக் கோரில் கிடந்தேன், ஒருவர் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. கால் தானாக எழுந்தது.

“நான்தான் அங்கிள்” என்றேன்.

 பின்வரிசையில் ஒன்பதாவது மாடி அம்மா மெதுவாகக் கேட்டார்: “அப்ப நான் பூச பண்றப்ப பிளம்பர் உள்ள வந்தாரே, அதுக்கும் நீங்கதானா?”

“அது வந்துங்க…”

“அப்ப எங்க பிள்ளைங்க தூங்கற ஊட்டுக்குள்ள எவன் வேணாலும் வரலாமா?”

“அக்கா, எனக்கும் குழந்தை இருக்கு, நானும் நாப்பது நாளா…”

“நாப்பது நாளாத் தெரியுமா?”

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. நாச்சிமுத்து அங்கிளின் மனைவி சரஸ்வதி அக்கா மேடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சேலையை இடுப்பில் இழுத்துச் செருகினார். அங்கிள் மைக்கை வைத்துவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் போவதைப் பார்த்தேன். நானும் தாரிகாவைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்கு ஓடினேன். பெண்கள் எல்லாரும் அடுத்த லிஃப்டில் வந்தார்கள். இரண்டு லிஃப்டுக்கும் சேர்த்து நான்தானே ஷாஃப்ட் போட்டேன்.

இப்போது எங்கள் ஹாலில் பதினோரு பெண்கள் இருக்கிறார்கள். இவர் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். தாரிகா அவர் தோளில் தூங்கிவிட்டாள். பதினோரு பேர் உட்கார்ந்திருக்கிற வீட்டுக்குள் எந்தத் திருடன் வருவான்? நாற்பது நாளில் இன்றைக்குத்தான் பயமில்லாமல் குழந்தையை விட்டு வந்தேன். எங்கே வந்தேன் என்றால், வாஷிங் மெஷினை நகர்த்திவிட்டு லேப்டாப்போடு டக்டுக்குள். கம்பித் தளத்தில் உட்கார்ந்து, கதவின் உள்பக்கப் பட்டையில் ஒரு கால் விரலை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவும் எழுதினேன். தாழ்ப்பாள் முகத்துக்கு நேராக இருக்கிறது. அதைத் தொட மாட்டேன் என்று எனக்கு ஒரு வைராக்கியம்.

ஆனால் அவர்கள் போகமாட்டேன் என்கிறார்கள். திருத்திய டிராயிங் எப்போது வரும் என்று தேதி சொன்னால்தான் எழுந்திருப்பார்களாம். நியாயம்தான். அவர்களுக்கும் கட்டில் பதினோரு அடியில்தான் இருக்கும், எல்லா வீடும் ஒரே குரூப்பின் நகல்தானே. அதனால் நாளை காலை முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள், அபிநயா. பி குரூப்பைத் திறந்து, கதவைத் தேர்ந்தெடுத்து, அந்த நீளப் பட்டனை ஒரே ஒரு தட்டு. பதினாலும் திரும்பிவிடும். காரணம் என்கிற கட்டத்தில் என் பெயரைப் போடுங்கள். வடிவாம்பிகை, முழுப் பெயராகவே போடுங்கள். குழந்தை என்று எழுத வேண்டாம். அவள் கை தட்டினாள், அவ்வளவுதான். மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்க்காமல் இருந்தது நான்.

என் கோர் சுவரின் தடிமன் முந்நூறு மில்லிமீட்டர், இங்கே சிக்னல் ஒரு கோடுதான் வருகிறது. மெயில் போய்ச் சேர விடிந்துவிடும் போல. மேலே யாரோ ஃப்ளஷ் செய்கிறார்கள், என் காதோரமாக இறங்கிப் போகிறது. இப்போது காலடிச் சத்தம், சமையலறை வரைக்கும். சரஸ்வதி அக்கா குரல்: “இங்கதான் எங்கியோ இருக்கோணும்.”

கம்பித் தளத்துக்குக் கீழேயிருந்து ஒரு செருமல்.

“யாரது மேல?”

“நான்தான் அங்கிள். வடிவு.”

“நீயும் வந்துட்டியா கண்ணு?” குசுகுசுவென்று கேட்டார். அவர் ஆறாவது மாடித் தளத்தில் உட்கார்ந்திருந்தார், மடியில் பேச்சு எழுதிய காகிதம். “நாளைக்கித் திருப்பிருவாங்களா?”

“திருப்பிருவாங்க அங்கிள்.”

காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அப்புறம், “உன்ற கதவு தாழ்ப்பாப் போட்டிருக்குதா?”

“இல்ல அங்கிள். காலால பிடிச்சிட்டிருக்கேன்.”

“அட, போடு கண்ணு மொதல்ல. எங்கூட்டுக்காரி வர்றா.”

கதவின் அந்தப் பக்கம் வளையல் சத்தம். காலை எடுத்தேன். எட்டி, தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தேன். ஒரு சத்தமில்லை, அபிநயா, வெண்ணெய் மாதிரிப் போய்க் குழியில் உட்கார்ந்தது.